யானை இடித்த மதில்

முன்னொரு காலத்தில் பொழிலூர் நாட்டைக் கோடைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவார், சாயங்காலம் "யார் மாற்றியது?" என்று எல்லோரையும் மிரட்டுவார். அவரிடம் வேலை பார்க்க அமைச்சர் தேனப்பரைப் போல நிதானம் வேண்டும்.

தலைநகரில் ராஜாவின் தாத்தா கட்டிய கலாசாலை இருந்தது. மண், மருந்து, நட்சத்திரம், கணக்கு என்று ஆசிரியர்கள் ஆளுக்கொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வாசல் அரண்மனையைப் பார்த்து இருந்தது. கடைத்தெருப் பக்கம் உயரமான மதில். உள்ளே என்ன நடக்கிறது என்று ஊருக்குத் தெரியாது. ஊரில் என்ன நடக்கிறது என்று உள்ளே இருப்பவர்களுக்கும் தெரியாது. கண்டுபிடித்ததையெல்லாம் ஓலையில் எழுதி ராஜாவுக்கு அனுப்புவார்கள். ராஜா அதை வைத்து விசிறிக்கொள்வார்.

ஆடி மாதம் ஒருநாள், யானைப்படைத் தலைவர் வல்லரையர் சபையில் எழுந்தார். கலாசாலை அமைச்சரின் பொறுப்பில் இருந்தது. அமைச்சர் என்றாலே இவருக்கு வயிறு எரியும்.

"மன்னா, மழை வந்தால் என் யானைகள் சேற்றில் நிற்கின்றன. கலாசாலையிலோ கல் பாவிய தரை. தின்றுவிட்டு ஓலை கிறுக்குகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே யானைகளைக் கட்டலாமே. யானையாவது போருக்கு உதவும்."

ராஜாவுக்கு யானை என்றால் உயிர். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

தேனப்பர் அந்தக் கலாசாலையில் படித்துத்தான் ஆளானவர். ஆனாலும் வருத்தத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "ஐப்பசிப் பௌர்ணமி வரை பொறுங்கள் அரசே. கலாசாலையால் ஊருக்குப் பயன் உண்டென்று காட்டுகிறேன்."

"நீர் காட்டுவீர். உமக்குப் பேச்சுக்கா பஞ்சம்?" என்றார் வல்லரையர். "ஊர்க்காரர் ஒருவர் தானாக வந்து கலாசாலை வேண்டுமென்று சொல்லட்டும். நீர் யாரையும் கூப்பிடக் கூடாது, சொல்லிக் கொடுக்கவும் கூடாது. சம்மதமா?"

"சம்மதம். ஆனால் நான் தோற்றால் யானைகள் உள்ளே போக வேண்டுமே? வாசலில் ஆள்தான் நுழைய முடியும். கடைத்தெருப் பக்க மதிலை இப்போதே இடித்து வைத்தால் தலைவருக்கு அன்றைக்கு வேலை சுலபம்."

போருக்கு முன்பே அமைச்சர் தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று சபையே சிரித்தது. வல்லரையர் அன்றே யானைகளை ஓட்டிப்போய் மதிலை இடித்தார்.

இடிந்த வழியில் முதலில் ஆடுகள் போயின. பிறகு, சுற்றி நடக்க அலுத்தவர்கள் போனார்கள். ஒருநாள் குயவர் தெருச் சடைச்சி ஒரு கூடை உடைந்த பானை ஓடுகளைக் கொண்டுவந்து உள்ளே கொட்டினாள்.

மண் ஆசிரியர் மங்கைபாகர் ஓடிவந்தார். "என்னம்மா இது, கலாசாலையா குப்பைமேடா?"

"யானை கட்டப்போற எடந்தானே சாமி? எங்க தெருவுல கொட்ட எடமில்ல. புது ஏரி மண்ண எடுத்ததுல இருந்து, சால் பானை செஞ்சா பாதி சூளையிலயே வெடிச்சுப் போவுது. ஆளாளுக்கு ஊரை விட்டுப் போறாங்க."

ஆசிரியர் ஓட்டைக் கையில் எடுத்தார். அந்த ஏரி மண்ணைப் பற்றி ஒரு கட்டு ஓலை எழுதியவர் அவர். ராஜா விசிறிக்கொண்ட ஓலைதான். "அந்த மண் காயும்போது ரொம்பச் சுருங்கும். மணல் கலந்து பார்."

"கலந்தாச்சு. தண்ணி கசியுது சாமி."

ஆசிரியர் தலையைச் சொறிந்தார். ஒரு சட்டிகூடச் செய்து அறியாதவர் அவர். காலடியில் கிடந்த குவியலைப் பார்த்தார். "ஏற்கெனவே வெந்தது இனிமேல் சுருங்காதே. இந்த ஓட்டையே இடித்து மாவாக்கிக் கலந்தால்?"

"எம்புட்டுக் கலக்கணும்?"

"அது எனக்குத் தெரியாது. நீ செய்து பார். கெட்டால் ஏன் கெட்டதென்று நான் பார்க்கிறேன்."

மாணவர்கள் ஓட்டை இடித்தார்கள், சடைச்சி மண்ணைப் பிசைந்தாள். முதல் சூளை கெட்டது. அடுத்ததும் கெட்டது. அதற்கடுத்த சூளையில் சால்கள் முழுசாக வந்தன. தட்டினால் மணி போல ஒலித்தன. எண்ணெய் வியாபாரிகள் அவற்றில் எண்ணெய் நிரப்பித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். வண்டிக்காரர்களுக்கு ஓயாத வேலை. இதைக் கேள்விப்பட்டுச் சாயக்காரர்கள், "எங்க சிவப்பு ஏன் வெளுக்குது?" என்று கேட்டுக்கொண்டு மதில் வழியாக வந்துவிட்டார்கள்.

பௌர்ணமியன்று வல்லரையர் யானைகளோடு வந்தார். பின்னால் ராஜாவின் பல்லக்கு. மதில் இடிந்த வழியில் சால்களை அடுக்கிவைத்து, நடுவில் சடைச்சி உட்கார்ந்திருந்தாள்.

"வழியை விடு," என்றார் வல்லரையர்.

"நீங்க வேற எடம் பாருங்க ஐயா. இது எங்களுக்கு வேணும்."

ராஜா இறங்கி வந்தார். "உன்னை அமைச்சர் அனுப்பினாரா?"

"அமைச்சரா? அவரு யாரு சாமி?" என்றாள். தேனப்பர் பக்கத்தில்தான் நின்றார். "எங்க தெருவுல இப்ப எல்லாச் சூளையும் எரியுது. ஊரை விட்டுப்போன எங்கண்ணன் திரும்பி வந்துட்டான். நாளைக்கு மண்ணு வேற கோளாறு பண்ணுனா, யானைகிட்டயா போய்க் கேப்பேன்?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை வருஷம் ஏன் நீ வரவில்லை?"

"மதிலு இருந்துச்சே."

"அதை இடித்தது யார்?"

"யானைப்படைத் தலைவர்தான் அரசே," என்றார் தேனப்பர் பணிவாக. "இந்தப் புண்ணியம் முழுக்க அவருக்கே."

ராஜா தான் விசிறிக்கொண்டிருந்த கலாசாலை ஓலையை ஒருமுறை பார்த்துவிட்டு, சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். தன் முத்துமாலையைக் கழற்றித் தேனப்பருக்குப் போட்டார். "இந்தப் பக்கம் பெரிய வாசல் வையுங்கள். இடித்தவரே கட்டட்டும். மழைக்காலம் முழுக்க அவரே அங்கே நின்று, ஊரார் கேள்விகளை உள்ளே கொண்டுபோய்ப் பதில் வாங்கிவரட்டும்" என்றார். இந்த ஒன்றை மட்டும் அவர் மத்தியானம் மாற்றவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒருநாள், வல்லரையர் வாசலில் தன் இடத்தை விட்டுவிட்டு, கேள்வி கேட்க நின்றவர்களின் வரிசையில் சடைச்சிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யாருடைய கேள்வி தலைவரே?" என்று கேட்டார் அங்கே வந்த மங்கைபாகர்.

"என்னுடையதுதான்," என்றார் மெதுவாக. "சேற்றில் நின்று யானைகளுக்குக் கால் புண்ணாகிறது. பார்க்கப் பொறுக்கவில்லை."

"இதை ஆடியிலேயே கேட்டிருக்கலாமே. தரையைச் சரிவாக்கி, அடியில் உடைந்த ஓட்டைப் பரப்பி, மேலே கனமாக மணல் கொட்டுங்கள். தண்ணீர் வடிந்துவிடும்."

வல்லரையர் சடைச்சியைப் பார்த்தார். "உடைந்த ஓடு கிடைக்குமா அம்மா?"

"உடைஞ்ச ஓடா? எங்க தெருவுல இப்ப அதுக்குத்தான் ஐயா பஞ்சம்."

அத்தனை மழையிலும் வல்லரையர் வாய்விட்டுச் சிரித்தார்.