முதல் பந்தில் வீரபத்திரன்

“நாலு ஞாயிறு, இருபத்தொரு விக்கெட். இன்னும் ஏன் சார் என்னைக் கிளப்புல சேர்க்க மாட்டேங்கிறீங்க?” என்று இளம்பரிதி கேட்டான்.

பயிற்சியாளர் எட்வின், பயிற்சி வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். அவருக்கு இவனைவிட இரண்டே வயது அதிகம். ஒரு காலத்தில் ஒரே கிளப்புக்கு ஆளுக்கொரு முனையிலிருந்து பந்து வீசியவர்கள். ஆனாலும் குரு என்று ஆகிவிட்டால் சார்தான்.

“எங்க எடுத்த?”

“ஏரிக்கரை மைதானத்துல. ஞாயித்துக்கிழமை டென்னிஸ் பந்து டோர்னமென்ட்.”

“யார் யார் விக்கெட்?”

இளம்பரிதி யோசித்தான். ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

“விக்கெட் விக்கெட்தானே சார்.”

பதினோரு வருடம் லீகில் வீசியவன். கிளப்பின் இந்த வருட அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பட்டியல் எழுதியவர் எட்வின். இன்னும் ஓர் இடம்தான் காலி. திங்கட்கிழமைக்குள் அதை நிரப்ப வேண்டும்.

“ஞாயிறு வர்றேன்” என்றார் எட்வின்.

ஞாயிறன்று வானம் மூடிக் கிடந்தது. எட்வின் எதிரணியோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

இளம்பரிதி வெகு தூரத்திலிருந்து ஓடி வந்தான். முதலில் ஓர் ஏசி மெக்கானிக் அவுட்டாகிப் போனார். அடுத்து, மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர். அதற்கடுத்து வீரபத்திரன், ரேஷன் கடையில் எடை போடுபவர், ஐம்பதை நெருங்குகிறவர். ஸ்டம்ப் சாய்ந்த பிறகுதான் அவருடைய மட்டை கீழே இறங்கியது.

ஒரு பந்து காலில் பட்டது. இளம்பரிதி மண்டியிட்டு, இரு கைகளையும் உயர்த்தி அவுட் கேட்டான். மைதானமே சிரித்தது. அந்த மைதானத்தில் எல்பிடபிள்யூ கிடையாது. அம்பயராக நிற்பவரும் பேட்டிங் அணியின் ஆள்தான்.

“டிவில வரல ண்ணா, எழுந்திரு!” என்று யாரோ கத்தினார்கள்.

ஐந்து விக்கெட். யாரும் கைதட்டவில்லை. அவனுடைய அணியும்தான். அவர்கள் அவனைக் ‘கெஸ்ட்’ என்றே கூப்பிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நேரே எட்வினிடம் வந்தான்.

“பார்த்தீங்கல்ல சார்?”

எட்வின், பக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டிருந்த வீரபத்திரனிடம் திரும்பினார்.

“இவர்கிட்ட இது எத்தனாவது தடவை?”

“நாலாவது சார். நாலும் முதல் பந்து.”

“அப்புறம் ஏன் வர்றீங்க?”

“வேற எங்க சார் இப்படிப் பந்து கிடைக்கும்? போன வாரம் வந்ததே தெரியல. இன்னிக்குக் கண்ணுல பட்டுடுச்சு. கைதான் லேட்டு.”

எட்வின் இளம்பரிதியைப் பார்த்தார்.

“நம்ம வலை தினமும் காலைல ஆறு மணிக்குத் திறந்திருக்கு. நீ ஏன் வர்றதில்ல?”

இளம்பரிதி குனிந்து ஷூ நாடாவை இறுக்கினான்.

“அந்த இடம் வேணுமா, வேணாமா?”

“வேணும் சார்.”

“அப்புறம்?”

தூறல் விழ ஆரம்பித்தது. ஆட்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வண்டிகளை நோக்கி ஓடினார்கள்.

“அங்க பசங்க என்னை அடிக்கிறாங்க சார்” என்றான். “எல்லாப் பந்தையும்.”

வீரபத்திரன் தோளில் மாட்டிய பையை இறக்கி வைத்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

“அப்போ இவர் பந்தை அடிக்க முடியுமா?” என்று கேட்டார்.