எழுதாமல் விட்ட கேள்வி

"மேடம், ஒரு பேப்பர்ல தோத்துட்டா இத்தனை வருஷம் பார்த்த வேலை எல்லாம் இல்லைன்னு ஆயிடுமா?"

தங்கபுஷ்பம் வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

நிலோஃபர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, எதிரில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினாள்.

"உக்காருங்க சிஸ்டர்."

அந்த நர்சிங் கல்லூரியில் இது ஒரு வேடிக்கை. ஆசிரியைக்கு முப்பது ஆகவில்லை. மாணவிக்கு நாற்பது தாண்டிவிட்டது. மாணவி ஆசிரியையை மேடம் என்பாள். ஆசிரியை மாணவியை சிஸ்டர் என்பாள். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை.

தங்கபுஷ்பம் டிப்ளமா படித்தவள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, பிரசவ வார்டு, தீக்காய வார்டு, எமர்ஜென்சி என்று எல்லாம் பார்த்துவிட்டாள். பதவி உயர்வுக்கு டிகிரி வேண்டும் என்றார்கள். லீவு போட்டுவிட்டுப் படிக்க வந்தாள். மற்ற பேப்பர் எல்லாம் தாண்டிவிட்டாள். நர்சிங் ஆராய்ச்சி என்ற ஒரே ஒரு பேப்பர் மட்டும் அவளைத் திருப்பித் திருப்பிக் கீழே தள்ளியது.

அடுத்த தடவையும் தோற்றால் லீவு முடிந்துவிடும். வந்த மாதிரியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

"மெஸ்ஸுல ஏதோ சண்டைன்னு கேள்விப்பட்டேன்" என்றாள் நிலோஃபர்.

"சண்டை இல்ல மேடம். பேச்சு."

"என்ன பேச்சு?"

"பள்ளிக்கூடம் முடிச்சு நேரா டிகிரிக்கு வந்த அபிநயா சொல்லுதா, டிப்ளமான்னா சொன்னதைச் செய்றது, டிகிரின்னா ஏன் செய்றோம்னு தெரிஞ்சு செய்றதுன்னு. அந்தப் பிள்ளைக்கு நான் ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். நரம்பு கிடைக்கலைன்னா என்னைத்தான் கூப்பிடுவா. 'ஏட்டி, டிகிரிக்கு நரம்பு தெரியாதோ'ன்னு கேட்டுட்டேன். அழுதுட்டா."

"அபிநயாவும் இதே பேப்பர்லதானே தோத்திருக்கா?"

"ஆமா மேடம்."

"அப்ப டிகிரியும் டிப்ளமாவும் இந்த ஒரு விஷயத்துல ஒத்துப்போகுது."

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்களே சொல்லுங்க மேடம். எது பெரிசு?"

நிலோஃபர் பேனாவை மூடி வைத்தாள்.

"பரிட்சையில எந்தக் கேள்வியை விட்டீங்க?"

"கடைசிக் கேள்வி. வார்டு அனுபவத்துல உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதுங்க, அதை எப்படி ஆராய்வீங்கன்னு விளக்குங்கன்னு இருந்தது."

"அதுக்குப் படிக்கவே வேண்டாமே."

"வார்டுல எனக்குத் தெரியாதது என்ன மேடம் இருக்கு? இருந்தா எழுதியிருப்பேன்."

அவள் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துத்தான் சொன்னாள். அன்றைக்குப் பரிட்சை ஹாலிலும் அப்படித்தான், மணி அடிக்கும் வரை யோசித்தாள். நினைவுக்கு வந்த கேள்விக்கெல்லாம் விடையும் கூடவே வந்துவிட்டது.

"எந்திரிங்க சிஸ்டர்."

எழுந்தாள்.

"அந்த ஸ்டூலை எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில நம்ம காலேஜ் ஆஸ்பத்திரியில பெண்கள் வார்டுக்குப் போங்க. யூனிஃபார்ம் வேண்டாம், சேலை போதும். ஒரே ஒரு கட்டில் பக்கத்துல இதைப் போட்டு உக்காருங்க. யாரையும் தொடக்கூடாது. யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது."

"உக்காந்து?"

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு கொண்டு வாங்க."

நிலோஃபர் அடுத்த விடைத்தாளைப் பிரித்துவிட்டாள்.

*

ஜன்னலோரக் கட்டிலில் ஆவுடையம்மாள் என்று ஒரு அம்மா இருந்தாள். பீடி சுற்றுகிறவள். சிறுநீர்ப் பாதையில் தொற்று, காய்ச்சல். ஒருமுறை குணமாகி வீட்டுக்குப் போய், மறுபடியும் வந்திருந்தாள்.

தங்கபுஷ்பம் விஷயத்தைச் சொன்னாள். "நான் இங்க படிக்கிற நர்சு. உங்க பக்கத்துல கொஞ்சம் உக்காந்திருக்கலாமா?"

"உக்காரு தாயி. மருமக வேலைக்குப் போனா பொழுது சாயத்தான் வருவா. எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு."

உட்கார்ந்தாள்.

அவ்வளவு கஷ்டமான வேலையை அவள் அதுவரை செய்ததில்லை. டிரிப் மெதுவாக இறங்கியது, கை தானாக நீண்டது. பின்னால் இழுத்துக்கொண்டாள். எதிர்க் கட்டிலில் தலையணை நழுவியது. பார்த்துக்கொண்டே இருந்தாள். வார்டு நர்ஸ் ஒருத்தி, அவள் வயசில் பாதிதான் இருக்கும், வேகமாக வந்து, "ஏம்மா, கூட இருக்கிறவங்க எல்லாம் வெளிய போங்க, ரவுண்ட்ஸ் வருது" என்று விரட்டினாள்.

நானும் சிஸ்டர்தான் என்று தொண்டை வரை வந்தது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போய் நின்றாள்.

சாயங்காலம் நிலோஃபரிடம் போனாள்.

"அந்த அம்மாவுக்கு டிரிப் ரொம்ப மெதுவாப் போகுது மேடம். காய்ச்சல் மத்தியானம் ஏறுது. பெட்ஷீட் மாத்தலை."

"இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே?"

"ஆமா."

"தெரியாதது?"

தங்கபுஷ்பம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனாள்.

மறுநாள் போய், அந்த வார்டு நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டுகிற லட்சணத்தைப் பற்றி வந்து சொன்னாள். நிலோஃபர் கேட்டுக்கொண்டாள். "இதுவும் தெரிஞ்சதுதான்" என்றாள்.

"மேடம், எனக்குப் பரிட்சைக்குப் படிக்கணும்."

"படிச்சுத்தானே ரெண்டு தடவை தோத்தீங்க?"

தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக்குப் போகக்கூடாது என்றுதான் படுத்தாள். காலையில் என்னவோ, கால் வார்டுப் பக்கமே நடந்தது.

அன்றைக்கு அவளுக்குப் பார்க்கவும் ஒன்றும் தோன்றவில்லை, சொல்லவும் ஒன்றும் தோன்றவில்லை. சும்மா இருந்தாள்.

டாக்டர் வந்தார். ஓரமாக ஒதுங்கியிருந்த அவளை அன்றைக்கு யாரும் விரட்டவில்லை. "தண்ணி நல்லாக் குடிக்கணும்மா" என்றார். ஆவுடையம்மாள் தலையாட்டினாள். வார்டு நர்ஸ் ஒரு ஜக் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "மதியத்துக்குள்ள காலி ஆயிரணும்." அதற்கும் தலையாட்டினாள்.

எல்லோரும் போனார்கள்.

ஆவுடையம்மாள் ஒரு மடக்குக் குடித்தாள். உதடு நனையும் அளவுக்கு. பிறகு இரண்டு பக்கமும் பார்த்தாள். ஸ்டூலில் இருப்பவள் இரண்டு நாளாக எதையும் தட்டிக் கேட்காதவள் என்பதால் அவளை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜக்கை எடுத்து, ஜன்னல் கம்பிக்கு நடுவில் சாய்த்து, அத்தனை தண்ணீரையும் வெளியே ஊற்றினாள். காலி ஜக்கைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

தங்கபுஷ்பம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

எத்தனை வார்டு. எத்தனை காலி ஜக். காலியாக இருந்தால் குடித்துவிட்டார்கள் என்று நம்பி, 'நல்ல பிள்ளை' என்று தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனது எத்தனை தடவை.

புத்தி சொல்லக்கூடாது என்றுதான் உத்தரவு. கேட்கக்கூடாது என்று இல்லை.

"ஏன்மா?"

ஆவுடையம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். திட்டுவதற்கான கேள்வி இல்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள்.

"கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இல்ல தாயி. வெளிய ஆம்பளையாளுவ பெஞ்சு போட்டு உக்காந்திருக்காவ. மருமக வந்து கதவைப் பிடிச்சாத்தான் போவ முடியும். அவ வரதுக்கு எந்நேரமோ. தண்ணியக் குடிச்சிட்டு நான் எங்க போவேன்?"

"டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"ஆம்பளை டாக்டர்கிட்ட இதைப் போயா சொல்லுவாவ?"

"நர்ஸ்கிட்ட?"

"அவிய குடிச்சியான்னுதான் கேக்காவ. ஏன் குடிக்கலன்னு யாரு கேட்டா?"

தங்கபுஷ்பம் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

சித்திரை வெயிலில் ஆஸ்பத்திரி வளாகம் முழுக்கக் காய்ந்து கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு பப்பாளிக் கன்று, ஒரு தக்காளிச் செடி, காடாகக் குப்பைமேனி. கண் கூசுகிற பச்சை.

அவள் பார்வை பக்கத்து ஜன்னலுக்குப் போனது. அதன் கீழும் பச்சை. அதற்கு அடுத்ததன் கீழும்.

வெளியே ஓடினாள். கட்டிடத்தைச் சுற்றி வந்தாள். பெண்கள் வார்டின் ஜன்னல்களுக்குக் கீழே வரப்புப் போட்ட மாதிரி ஒரு பச்சைக் கோடு. முக்குத் திரும்பியதும் ஆண்கள் வார்டு. அங்கே வெறும் புழுதி.

அவள் புழுதிக்கும் பச்சைக்கும் நடுவில் நின்றாள். கல்யாண வீட்டில் காணாமல் போன குழந்தையைத் தேடுகிறவள் மாதிரி இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"என்னக்கா, இங்க நிக்கிறீங்க?"

அபிநயா. மெஸ் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வெயிலில் தனியாக நின்ற கோலத்தைப் பார்த்து பயந்துபோய் வந்திருந்தாள்.

தங்கபுஷ்பம் சண்டையை மறந்தே போனாள்.

"இங்க பாரேன். இது ஏன் பச்சையா இருக்கு, அது ஏன் காஞ்சிருக்கு?"

அபிநயா பார்த்தாள். ஜன்னல்களைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"குழாய் உடைஞ்சிருக்கோ?"

"இல்ல. வா, சொல்லுதேன்."

*

அன்றைக்குச் சாயங்காலம் நிலோஃபரின் அறைக்கு இரண்டு பேரும் போனார்கள். யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் சேர்ந்தே பேசினார்கள்.

நிலோஃபர் முழுக்கக் கேட்டாள்.

"நான் தினமும் அந்த வழியாத்தான் வரேன்" என்றாள். "நல்லாத் தோட்டம் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

"மத்த ஆஸ்பத்திரியிலயும் இப்படி இருக்குமா மேடம்?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"தெரியாது."

"எத்தனை பேருக்கு இதனாலயே காய்ச்சல் திரும்பி வருது?"

"தெரியாது சிஸ்டர்."

"எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

நிலோஃபர் அலமாரியிலிருந்து ஆராய்ச்சிப் பாடப் புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். தங்கபுஷ்பம் இரண்டு தடவை தோற்ற அதே புத்தகம். கவிதை மாதிரி மனப்பாடம் செய்த புத்தகம். இப்போது அவள் அதைப் பிரித்த வேகத்தில் ஒரு பக்கம் கிழிந்தது.

"கொஞ்சப் பேரை மட்டும் பொறுக்கி விசாரிக்கிறது, மாதிரி எடுக்கிறதுன்னு ஒரு பாடம் இருக்குமே. எங்கட்டி அபிநயா அது?"

"நாலாவது பாடம்க்கா. கொண்டாங்க."

மறுநாள் மூவரும் போய் நர்சிங் சூப்பரின்டெண்டைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் முதலில் நம்பவில்லை. எழுந்துபோய்த் தானே கதவைத் தள்ளிப் பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. அன்றைக்கே தச்சர் வந்தார். ஆண்கள் பெஞ்சு வேறு பக்கம் போனது.

ஆவுடையம்மாள் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏ தாயி, வெளிய இருந்து தள்ளிப் பாரு."

தங்கபுஷ்பம் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"கெட்டியா இருக்கும்மா."

அடுத்த வாரம் ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போனாள்.

பரிட்சை வந்தது. கடைசிக் கேள்வியும் எப்போதும் போல வந்தது. தங்கபுஷ்பம் முதலில் அதைத்தான் எழுதினாள். கூடுதல் தாள் வாங்கினாள். எழுதிக்கொண்டே போனதில் மற்ற கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. வெளியே வந்ததும் அபிநயா தலையில் அடித்துக்கொண்டாள். "என்னக்கா இது, சின்னக் கேள்வி எல்லாம் விட்டுட்டு வந்திருக்கீங்க!"

"போட்டும், விடு."

ரிசல்ட் வரும் வரை அவள் தினமும் ஒரு தடவை கட்டிடத்தைச் சுற்றி வந்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மழை இன்னும் வரவில்லை. வெயில் அப்படியே இருந்தது.

ஒருநாள் காலையில் நிலோஃபர் அவளைத் தேடிக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வந்தாள். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"சிஸ்டர், ரிசல்ட் வந்திருச்சு. பார்த்தீங்களா?"

"பார்க்கலை மேடம். இங்க வாங்க முதல்ல."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேடம் என்பதையும் மறந்து போனாள்.

பெண்கள் வார்டின் ஜன்னல்களுக்குக் கீழே தக்காளிச் செடி துவண்டு கிடந்தது. குப்பைமேனி மஞ்சளாகிவிட்டது. பப்பாளிக் கன்று இலைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

நிலோஃபர் குனிந்து ஒரு இலையைத் தொட்டாள். அது கையோடு வந்தது.

"குடிக்கிறாங்க" என்றாள் மெதுவாக.

"ஆமா மேடம். ஆனா அங்க பாருங்க."

கடைசி ஜன்னல். அதன் கீழே மட்டும் ஒரு கைப்பிடி மண் ஈரமாக இருந்தது. தும்பை பூத்திருந்தது.

"தாப்பா போட்டாச்சு. பெஞ்சையும் எடுத்தாச்சு" என்றாள் தங்கபுஷ்பம். "பின்ன இது ஏன்?"

நிலோஃபர் அந்தப் பூவையே பார்த்தாள். ஒரு பதிலைத் தேடினாள். இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"ஏன் சிஸ்டர்?"

திரும்பிப் பார்த்தாள்.

தங்கபுஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வார்டுப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து மேடம் என்னவோ கூப்பிட்டுச் சொன்னாள். பாஸ் என்ற சொல் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

அவள் கண் உள்ளே கடைசிக் கட்டிலைத் தேடிக்கொண்டிருந்தது.