ஒடியப்போகும் பாலமும் ஒப்புதல் ஆகாத அறிக்கையும்

காட்டாற்றின் குறுக்கே ஒரு பெரிய மருதமரம் விழுந்து கிடந்தது. அந்தக் காட்டுக்கு அதுதான் பாலம். இக்கரையில் குகைகளும் புதர்களும் இருந்தன. புல்லும் கிழங்கும் அக்கரையில்தான். காலையில் போய் வயிற்றை நிரப்பிக்கொண்டு சாயங்காலம் திரும்புவது எல்லாருக்கும் வழக்கம்.

கொஞ்ச நாளாக அந்த மரம் முனக ஆரம்பித்தது. காட்டுப்பன்றி ஏறினால் 'கிறீச்' என்றது. கரடி ஏறினால் நடுவில் தொய்ந்தது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே காட்டுச் சபை கூடியது. சபைக்குக் கரடி தலைவர், உடும்பு செயலாளர். மரம் தாங்குமா தாங்காதா என்று ஒரு நிபுணரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றது கரடி.

நல்ல யோசனைதான். ஆனால் உடும்பின் கையில் ஒரு காரியம் சிக்கினால் அது லேசில் விடுமா? ஒப்பந்தம் இல்லாமல் நிபுணரைக் கூப்பிட்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, தேக்கிலையை விரித்து நிபந்தனைகளை எழுத உட்கார்ந்துவிட்டது. நிபுணர் வெளிக்காட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இறுதி மதிப்பீட்டறிக்கை ஒரே அளவுள்ள இலைகளில் இருக்க வேண்டும். வரைவைச் சபையார் எல்லாரும் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கருத்தெல்லாம் அறிக்கையில் ஏற வேண்டும். சபை ஒப்புதல் தரும்வரை அறிக்கையில் உள்ளதை நிபுணர் யாரிடமும் வாய்விடக் கூடாது. இப்படி இலை இலையாகப் போயிற்று. கடைசியில், ஓரத்தில் கிடைத்த இடத்தில், 'மரத்தையும் பார்க்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குங்குமி என்ற மரங்கொத்தி வந்து சேர்ந்தது. கெட்டிக்காரப் பறவை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அதற்கே கொஞ்சம் கர்வமும் உண்டு. வேலை முடிந்தால் ஆற்றோரத்தில் நின்ற ஒரு பட்டமரத்தைக் கூடு குடைந்துகொள்ளத் தருவதாகப் பேச்சு. முட்டையிடும் பருவம் நெருங்கிவிட்டது. போன வருஷம் குடைந்த மரத்தைக் காற்று சாய்த்துவிட்டது. அதனால் நிபந்தனைகளை முழுதாகப் படிக்காமலேயே குங்குமி ஒப்பந்தத்தில் அலகைப் பதித்தது.

வந்த அன்றே மருதமரத்தின் நடுவில் போய் நின்று ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது. 'டொக்' என்று வர வேண்டிய சத்தம் 'பொத்' என்று வந்தது. குங்குமிக்குத் திக்கென்றது. நேரே உடும்பிடம் பறந்து, மரம் உள்ளே உளுத்துப்போய்விட்டது, யாரும் ஏற வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியது.

உடும்பு சட்டென்று காதைப் பொத்திக்கொண்டது. "அம்மணி, நீங்க எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. முடிவு இறுதி அறிக்கையில மட்டும்தான் வரணும். இப்பவே வெளியில விட்டீங்கன்னா ஒப்பந்தம் ரத்து. பட்டமரமும் கிடையாது."

குங்குமி வாயை மூடிக்கொண்டது. சரி, சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிட்டால் போகிறது என்று தேக்கிலைகளைப் பொறுக்கி வந்து வேலையில் இறங்கியது.

வரைவு சபைக்குப் போனது. 'மரம் உளுத்துவிட்டது, எந்த நேரமும் ஒடியும்' என்று அதில் பளிச்சென்று இருந்தது. 'உளுத்துவிட்டது' என்ற சொல் கடுமையாக இருக்கிறது என்றது காட்டுப்பன்றி. அதன் பாட்டன் காலத்திலிருந்து குடும்பமே அந்த மரத்தடியில்தான் சேறாடுகிறதாம், மனசு புண்படுகிறதாம். மரம் என்று வந்துவிட்டால் பழத்தை விட்டுவிட முடியாது, அத்தி விளைச்சலைப் பற்றியும் ஓர் இலை வேண்டும் என்றது குரங்கு. கரடிக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. தேனைப் பற்றி எங்காவது நாலு வார்த்தை வந்தால் நன்றாயிருக்கும் என்று மட்டும் சொன்னது. இலைகள் ஒரே அளவில் இல்லை என்று உடும்பு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது.

குங்குமிக்கு முதலில் எரிச்சலாக வந்தது. எழுத எழுத அந்த எரிச்சல் போய், கொஞ்சம் கொஞ்சமாக ருசி தட்டிவிட்டது. இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் ஓரம் பிசகாமல் இருந்தது. தேனும் அத்திப்பழமும் உரிய இடத்தில் உட்கார்ந்துகொண்டன. பன்றியின் மனசு நோகாதபடி அந்த வரியையும் மாற்றியாயிற்று. 'மரம் தன் உறுதியைப் படிப்படியாக மறுபரிசீலனை செய்துவருகிறது' என்று எழுதிவிட்டு, தலையைச் சாய்த்துத் தானே ஒருமுறை ரசித்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் எல்லாரும் அந்த மரத்தின் மேல்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

தினமும் போகிறவர்களில் ஒரு சருகுமானும் உண்டு. பிறந்து சில வாரமே ஆன குட்டியோடு அது முதல் ஆளாய்ப் புல்லுக்குக் கிளம்பும். ஒருநாள் காலையில் மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. ஆற்றில் கலங்கல் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. சருகுமான் மரத்தில் கால் வைக்கும் முன் நின்று, "அக்கா, நீ பெரிய நிபுணராமே? மரம் எப்படி இருக்கு? குட்டியைக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்டது.

குங்குமியின் தொண்டை வரைக்கும் பதில் வந்தது. பட்டமரம் நினைவுக்கு வந்ததும் அதை விழுங்கிவிட்டு, அறிக்கை வரட்டும், எல்லாம் விவரமாக அதில் இருக்கிறது என்று சொன்னது.

படித்தவர்கள் அப்படிச் சொன்னால் பயமில்லை என்றுதானே அர்த்தம்? சருகுமான் குட்டியோடு ஏறிவிட்டது. நடுவில் போகும்போது அடிப்பக்கத்திலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. குட்டி தடுமாறியது. தாய் அதைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு ஒருவழியாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. குங்குமிக்கு உயிரே போய் வந்தது. அன்று முழுக்க ஒரு எறும்புகூட அதற்கு உள்ளே இறங்கவில்லை.

சாயங்காலம் ஆறு பாதிக் கரைக்கு ஏறிவிட்டது. திரும்பி வருவதற்காகச் சருகுமான் அக்கரையில் மரத்தருகே வந்து நின்றது. முதலில் கால் வைத்தது குட்டி.

அடுக்கி வைத்த இலைகள் குங்குமியின் காலடியில் இருந்தன. மறுநாள் ஒப்புதல், அதற்கு மறுநாள் பட்டமரம். குங்குமி ஒரு கணம் அந்த இலைகளைப் பார்த்தது. பிறகு அவற்றை விட்டுவிட்டு விருட்டென்று பறந்து குட்டியின் முகத்துக்கு எதிரே போய்ச் சிறகடித்தது.

"ஏறாதே! மரம் உளுத்துப்போச்சு. இப்பவோ எப்பவோ ஒடியும்."

சருகுமான் குட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டது. "இது உனக்கு எப்போ தெரியும்?"

"வந்த அன்னைக்கே."

"அன்னைக்கேவா? தினமும் இந்தப் பிள்ளையோட நான் போய் வந்ததைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

 வெட்கத்தில் குங்குமியின் கொண்டைகூடப் படிந்துவிட்டது. சருகுமான் குட்டியைக் கூட்டிக்கொண்டு, இரவு தங்க அக்கரையிலேயே ஒரு புதரைத் தேடிப் போய்விட்டது.

விஷயம் காடெங்கும் பரவியது. விடிந்ததும் ஒருத்தரும் மரத்தில் ஏறவில்லை. ஆற்றங்கரையில் சபை அவசரமாகக் கூடியது. நிபுணர் நிபந்தனையை மீறி ரகசியத்தை வெளியில் விட்டுவிட்டார், ஆகவே ஒப்பந்தம் ரத்து, அறிக்கையும் செல்லாது என்று உடும்பு அறிவித்தது. ஒன்றுக்கும் உதவாமல் போன தேக்கிலைகளைக் காற்று ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

"அது சரி, மரம் என்ன ஆச்சு?" என்று கரடி கேட்டது.

"தலைவரே, மரம் உளுத்துப்போச்சுன்னு சொன்னது இந்த அறிக்கைதான். அறிக்கையே செல்லாதுன்னா மரம் எப்படி உளுத்திருக்கும்?"

கரடி யோசித்துப் பார்த்தது. எங்கேயோ இடிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் உடும்பு சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீண் பீதியைப் போக்கச் சபையே ஊர்வலமாக மரத்தின் மேல் நடந்து காட்ட வேண்டும் என்று அடுத்த தீர்மானமும் நிறைவேறியது.

குங்குமி கத்திப் பார்த்தது. குறுக்கே பறந்து பார்த்தது. ஒப்பந்தம் இல்லாதவர் கருத்துச் சொல்ல விதியில் இடமில்லை என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். முன்னால் பன்றி போயிற்று, நடுவில் கரடி. அதன் தோளில் குரங்கு உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உடும்பு கடைசியாக ஏறியது.

கரடி நடு மரத்துக்கு வந்தது. மரம் முனகவில்லை, கிறீச்சிடவில்லை. ஒரேயடியாக ஒடிந்து, சபை முழுவதையும் ஆற்றில் கொட்டியது.

வெள்ளம் அவர்களைப் புரட்டி எடுத்து, கீழே ஆற்று நடுவில் இருந்த ஒரு பாறையில் கொண்டுபோய் ஒதுக்கியது. பன்றி இருமிக்கொண்டே இருந்தது. கரடியின் வயிறு தண்ணீரால் உப்பியிருந்தது. கக்கத்து ஒப்பந்தத்தையும் விடாமல், ஒடிந்த கட்டையைப் பிடித்துக்கொண்டே உடும்பும் வந்து சேர்ந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, பாறை சிறுத்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து சாய்ந்த ஒரு நாவல்மரத்தின் கிளை மட்டும் பாறைக்கு மேலே நீண்டிருந்தது.

கரடி அதைப் பிடிக்கக் கையை நீட்டி, பாதியிலேயே பயந்து இழுத்துக்கொண்டது. பின்னாலேயே பறந்து வந்திருந்த குங்குமியை அண்ணாந்து பார்த்தது.

"அம்மா, இது தாங்குமா?"

உடும்பு வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, முதலில் ஒரு புது ஒப்பந்தம் போட்டாக வேண்டும், நிபந்தனைகள் என்னவென்றால், என்று ஆரம்பித்தது.

"நீ சும்மா இரு" என்றது கரடி.

குங்குமி கிளையில் ஒரு கொத்துக் கொத்தியது. "நல்ல கிளை, தாங்கும். ஆனா ஒருத்தர் ஒருத்தரா ஏறுங்க."

அது சொல்லி முடிப்பதற்குள் கரடி கிளையில் பாதி தூரம் போயிருந்தது. அடுத்துக் குரங்கு, அதற்கடுத்துப் பன்றி. தண்ணீர் வாலைத் தொட்ட பிறகுதான் உடும்பு ஒப்பந்தத்தை ஆற்றில் விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்தது.

அந்தக் காட்டில் அதன் பிறகு யாரும் அறிக்கை கேட்கவில்லை. எந்த மரத்தில் ஏறுவதானாலும் குங்குமியைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்கள், அதுவும் உடனே சொல்லிவிடும். பட்டமரத்தையும் கரடி அதற்கே கொடுத்துவிட்டது. வெள்ளம் வடிந்து இக்கரைக்குத் திரும்பிய சருகுமான் மட்டும் அந்த வழியாகப் போகும்போது ஒரு தடவைகூடக் குங்குமியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆபத்தைக் கண்டவன் அதை உடனே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். ஒப்புதல் வரட்டும் என்று ஆறு காத்திருக்காது.