உறைஞ்சுதா?

"இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாதும்மா. என்னையும் யாருக்கும் தெரியாது," என்றான் புகழேந்தி.

"பேரு மட்டும் புகழ்," என்றார் குருவம்மா.

அவன் சிரிக்கவில்லை.

குருவம்மாவுக்கு அவனைவிட இரண்டு வயதுதான் கூட. இடுப்பில் குழந்தை, அடுப்பில் பால். ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அந்த வீட்டுப் படியைத்தான் ஏறுவார்கள்.

"காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷம். கூடப் படிச்சவன் எல்லாம் ஆளுக்கொரு ஊர்ல. எனக்கு வேலை இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கற கூட்டம் எங்கே போட்டாலும் போறேன். பேரும் நம்பரும் போட்ட கார்டு கொடுக்கறேன்."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"ஒருத்தர் கூப்பிட்டார். இன்சூரன்ஸ் போடச் சொல்லி."

நின்ற இடத்தில் அவனால் நிற்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை பஸ். ஊரோட போயிடறேன்."

குருவம்மா பாலை இறக்கினார். ஒரு தூக்கில் ஊற்றி நீட்டினார்.

"தயிராக்கி எடுத்துட்டு வா."

"உறை?"

"என்கிட்ட இல்லை."

"கடையில பாக்கெட் தயிர் வாங்கி..."

"கடைன்னா நானே போக மாட்டேனா? யார்கிட்டயாவது கேட்டு வாங்கு."

தன் ரூமுக்கு எதிர் வீட்டுக் கதவை இரண்டு வருடமாகப் பார்க்கிறான். தட்டியதில்லை. அன்றைக்குத் தட்டினான்.

லுங்கி கட்டியவர் ஒருவர் திறந்தார். பழக்க தோஷம், அவன் கை சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தது.

"நாங்க எதுவும் வாங்கறதில்லைப்பா."

கதவு மூடப் போனது.

"சார், கொஞ்சம் உறை மோர் கிடைக்குமா?"

கதவு நின்றது.

"ஈஸ்வரி, எதிர் ரூம் தம்பிக்கு உறை வேணுமாம்."

ஈஸ்வரி வந்து தூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"விளக்கு வைக்கறதுக்கு முன்னாடி வந்தே, பொழைச்சே. அப்புறம்னா தர மாட்டேன். பால் சுடுதே. இப்ப ஊத்தினா திரிஞ்சிடும். ஆறட்டும், உட்காரு."

உட்கார்ந்தான்.

எந்த ஊரு? என்ன படிச்சே? சோறு யாரு பொங்கறது?

"மெக்கானிக்கல். வேலைதான் இல்லை. சோறு நானே," என்று சொல்லிக்கொண்டே தூக்கைத் தொட்டான். மறுபடியும் தொட்டான்.

"பாலைத் தொந்தரவு பண்ணாதே தம்பி," என்றாள் ஈஸ்வரி. ஆறியதும் ஒரு கரண்டி உறை மோர் தந்தாள்; அவனே பாலில் ஊற்றி ரூமுக்கு எடுத்துப் போனான்.

மறுநாள் காலை குருவம்மா முன்னால் தூக்கைத் திறந்தான். பால் தண்ணியாக ஆடியது.

"தோத்துட்டேன்மா. உறையலை."

"எத்தனை தடவை திறந்து பார்த்தே?"

"எண்ணலை."

"வர்ற வழியில உன்னை யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

"எதிர் வீட்டு அக்கா கேட்டாங்க, உறைஞ்சுதான்னு. இல்லைன்னேன். சாயங்காலம் வா, நானே ஊத்தித் தரேன்னாங்க."

"வேற?"

"கீழ் வீட்டுக்காரர். முன்னே பின்னே பேசினதே இல்லை. வண்டியைத் துடைச்சுக்கிட்டே, 'உறை கேட்ட மெக்கானிக்கல் தம்பி நீதானே'ன்னார்."

சொல்லிவிட்டு நிறுத்தினான்.

"அவருக்கு எப்படித் தெரியும்?"

குருவம்மா அடுப்பைப் பற்ற வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு?"

புகழேந்தி தூக்கைக் கழுவ எழுந்தான்.