பொந்து வாசலில் ஒரு பிளவு

அந்தக் காலத்தில், காட்டில் எல்லாமே பேசித் திரிந்தபோது, பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையின் மரப்பொந்து திறந்தே கிடக்கும். பூவாயி என்ற பெண் இருவாச்சி உள்ளே முட்டைமேல் உட்கார்ந்திருப்பாள். "பசிக்குது" என்பாள். "இந்தா, சாப்பாடு" என்று வெளியே குரல் கேட்டதும் நகர்ந்து வழிவிடுவாள். கணவன் கொம்பையன் அலகில் அகப்பட்டதைக் கொண்டுவந்து போடுவான்.

போன வருடம் அப்படி வழிவிட்டபோது உள்ளே நுழைந்தது மரநாய். முட்டை போயிற்று.

இந்த வருடமும் ஒரே முட்டை. இலை அசைந்தாலும் பூவாயிக்குச் சந்தேகம்.

"நான்தான் புள்ள, சாப்பாடு."

"போன வருஷம் அந்த மரநாய்ப் பயலும் இதையேதான் சொன்னான்."

"என் குரல்கூடவா தெரியல?"

"அவனுக்கும் உங்க குரல்தான் இருந்துச்சு."

கொம்பையனுக்குச் சுருக்கென்றது. "பின்னே, நான்தான்னு எப்படிக் காட்டுறது?"

"வர்றது யாருன்னு எனக்கு வேண்டாம். என்ன வருதுன்னு தெரிஞ்சாப் போதும். இனிமே வாயைத் திறந்து கேக்கமாட்டேன். அலகு நுனியை நீட்டினா, ஒரு அத்திப்பழம். குஞ்சு பொரிச்சப்புறம் அலகால விளிம்பைத் தட்டினா, ஒரு பல்லி. உங்க அலகு நுனியில பிடிச்சு என் அலகு நுனியில வைக்கணும். வேற எது வந்தாலும் வெளியே."

"பலாச்சுளை?"

"வெளியேதான்."

"இது வீடா, காவல் சாவடியா?"

"ஈரமண் கொண்டாங்க."

முனகிக்கொண்டே கொண்டுவந்தான். பூவாயி அதைத் தன் எச்சத்தோடு குழைத்து, உள்ளிருந்தபடியே வாசலைப் பூசினாள். அலகு நுனி போகும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டாள். கணவன் வராவிட்டால் இனிப் பட்டினிதான். தெரிந்தே பூசினாள்.

மறுநாள் மரநாய் வந்தது.

"நான்தான் புள்ள. இன்னைக்குப் பழம் பெரிசு. மண்ணைக் கொஞ்சம் இடிச்சுவிடு."

அச்சு அசல் கொம்பையன் குரல். பசி வேறு. பூவாயி பேசாமல் அலகு நுனியை நீட்டினாள்.

"அட, வாயைத் திறந்து பேசேன்!"

பழம் வரவில்லை. அலகில் ரோமம் உரசியது. வெடுக்கென்று கொத்தினாள். மரநாய் அலறியபடி கிளைகளில் மோதி விழுந்து ஓடியது.

வெகுநேரம் கழித்து வெளியே ஏதோ அசைந்தது. பயந்துகொண்டே நீட்டினாள். நுனியில் குளிர்ச்சியாக ஓர் அத்திப்பழம் உட்கார்ந்தது. உருட்டி, அழுத்திப் பார்த்துவிட்டு விழுங்கினாள்.

"இப்பவாவது நம்புறியா?" என்றான் கொம்பையன்.

அலகு நுனி மறுபடி நீண்டது. அடுத்த பழத்தை வைத்தான்.

அன்று முதல்தான் பெண் இருவாச்சி முட்டையிடும்போது உள்ளே இருந்தபடி வாசலைப் பூசிக்கொள்கிறது. தொண்டை நிறையப் பழம் சுமந்து வந்தாலும், ஆண் இருவாச்சி அந்தப் பிளவில் ஒவ்வொன்றாகத்தான் நீட்டுகிறது.