வேலங்கிளையில் ஆளுக்கொரு புல்

கடல் தாண்டி, காடு தாண்டி, ஆப்பிரிக்காவின் தெற்கே கலகாரி என்றொரு வறண்ட பூமி. நம் பாட்டனும் பூட்டனும் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு, அங்கே ஒற்றை வேலமரம் நின்றது. அந்த மரத்தில் ஒரு பெரிய வீடு இருந்தது. கட்டியவர்கள் குருவிகள்.

நம் ஊர்த் தூக்கணாங்குருவி இருக்கிறதே, அதற்கு அவர்கள் தூரத்துச் சொந்தம். நம் ஊர்க் குருவி தனித்தனியாகக் கூடு கட்டித் தனிக்குடித்தனம் போகும். அவர்கள் ஊரே சேர்ந்து ஒரே கூடு கட்டுவார்கள். வைக்கோல் போரைத் தூக்கி மரத்தில் மாட்டினாற்போல் இருக்கும், நம்புங்கள். அடியில் நூறு வாசல், உள்ளே நூறு அறை, மேலே எல்லோருக்கும் ஒரே கூரை. வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுமை. உறைபனி விழுந்தாலும் உள்ளே கதகதப்பு.

அந்த வீட்டுக்கு ஒரே சட்டம். நாள்தோறும் ஆளுக்கொரு புல்லைக் கூரையில் செருக வேண்டும். செருகாதவருக்கு வாசல் இல்லை. கொத்தி விரட்டி விடுவார்கள்.

சட்டம் சும்மா வரவில்லை. முன்னொரு குளிர்காலத்தில் கூரை ஓட்டையாகி, நாற்பது பேர் விறைத்துச் செத்தார்கள். அன்று போட்ட சட்டம். அதன் பிறகு யாரும் குளிரில் சாகவில்லை. கூரை மட்டும் வருடா வருடம் தடித்துக்கொண்டே போனது.

அங்கே கூமி என்றொரு பெண் குருவி இருந்தாள். முதல் ஈட்டு முட்டையை நாகப்பாம்பு விழுங்கியது. இரண்டாம் ஈட்டையும் விழுங்கியது. மூன்றாம் ஈட்டில்தான் மூன்று குஞ்சுகள் தங்கின. இறகு முளைக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் எட்டு நாள் போனால் பறந்துவிடும். கூமி அந்த எட்டு நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் அறை, வீட்டைத் தாங்கிய கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் இருந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் கிளைக்குள்ளிருந்து 'கிறுக்' என்று ஒரு சத்தம். அவள் புருஷன் தவாவிடம் ஓடினாள்.

"ஏங்க, கிளை முனகுது."

"உனக்கு எதுலதான் பயமில்ல? போன வாரம் மேகத்தப் பாத்துப் பயந்த."

"மேகம் வந்தா மழை வருமே. இத்தனை புல்லும் நனைஞ்சா என்ன கனம் கனக்கும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

"மழையா! மூணு வருசமா ஒரு சொட்டு இல்ல. வந்துட்டா சொல்லு, குளிச்சுக்கலாம்" என்று சொல்லி அவன் பறந்துவிட்டான்.

மறுநாள் பட்டையில் ஒரு விரிசல் தெரிந்தது. மூக்கு நுனி நுழையும் அளவு. பக்கத்து அறைச் சிமாவைக் கூட்டி வந்து காட்டினாள்.

"அடி போடி, எனக்கும்தான் வயசானா தோல் வெடிக்குது. அதுக்காக ஒடிஞ்சா விழறேன்?" என்றாள் சிமா. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் விரிசலில் கூமியின் தலையே நுழைந்தது. ஊர்ப் பெரியவர் ஓபாவிடம் போனாள்.

"பெரியவரே, கொஞ்ச நாளைக்குப் புல் வைக்கிறத நிறுத்துவோம். ஒரு எட்டு நாள். இல்ல, அஞ்சு நாள் போதும்."

"இந்தக் கிளை எங்கப்பாவைத் தாங்குச்சு, அவங்கப்பாவைத் தாங்குச்சு. உன் மூணு குஞ்சைத் தாங்காதா?"

"அவங்க காலத்துல கூரை இவ்வளவு தடி இல்லீங்களே."

"நாற்பது பேர் விறைச்சுச் செத்த கதை தெரியுமில்ல? வேலை செய்ய வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு. கிளை மேல பழி போடாத."

மறுநாள் காலையில் கூமி புல் எடுக்கவில்லை. தன் ஒருத்தியின் புல்லாவது சேராமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். புழுவோடு திரும்பி வந்தபோது வாசலை அடைத்துக்கொண்டு நான்கு பேர் இருந்தார்கள். தவாவும் சற்றுத் தள்ளி இருந்தான்; அவள் பக்கம் திரும்பவில்லை.

உள்ளே மூன்று குஞ்சும் பசியில் கத்தின. அவள் குறுக்கே புகுந்தாள், கொத்தினார்கள். மறுபடி புகுந்தாள், மறுபடி கொத்தினார்கள். மூன்றாம் முறை, கண்ணுக்கு மேலே ரத்தம் வந்தது.

"ஒரு புல் வச்சுட்டு உள்ள போ. யாரு தடுக்கப் போறா?" என்றார் ஓபா.

குஞ்சுகளின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. கூமி போய் ஒரு புல் கொண்டு வந்தாள். இருப்பதிலேயே மெல்லியதாகப் பார்த்து எடுத்தாள். 'மெல்லிசுதானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூரையில் செருகினாள். வழி விட்டார்கள்.

மறுநாளும் ஒரு மெல்லிய புல். அதற்கு மறுநாளும். விரிசலைப் பற்றி அவள் பேசவில்லை. "என்னக்கா, கிளை ஒடிஞ்சுதா?" என்று வாலிபக் குருவிகள் கேலி செய்தபோது, அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் மறுபடி வாசலை அடைப்பார்களோ என்ற பயம்.

எட்டில் ஆறு நாள் கழிந்தது. ஏழாம் நாள் மதியம் மழை வந்தது.

மூன்று வருடத்து மழை. ஊரே கிளைக்குக் கிளை தாவிக் கூத்தாடியது. மண்ணிலிருந்து ஈசல் புகை போலக் கிளம்பியது. எல்லோரும் கீழே பாய்ந்து, வயிறு கொள்ளாமல் தின்றார்கள். குஞ்சுகளை விட்டுப் போக கூமிக்கு மனம் வரவில்லை. ஆனால் குஞ்சுகள் வாயைப் பிளந்தன. ஈசலோ சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஒரே ஓட்டமாகப் போய் வரலாம் என்று போனாள்.

வாய் நிறைய ஈசலோடு திரும்பினாள். பாதி வழியில் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. இந்த முறை அவளுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும் கேட்டது.

நூறு அறையும் சேற்றில் கிடந்தன. நனைந்த புல், மலைபோல். கூமி அதன் மேல் நின்று, வாயில் இருந்த ஈசலைக் கீழே போடாமல், மூக்கால் புல்லை விலக்க முடியாமல், அங்கும் இங்கும் ஓடினாள். உள்ளே முதலில் நிறையக் குரல் கேட்டது. பிறகு கொஞ்சம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மற்றவர்கள் விலக்கி எறிந்த புற்களுக்கு நடுவே மெல்லிய புல் மூன்று கிடந்தது. வைத்தவளுக்கு அடையாளம் தெரியாதா?

மறுநாள் விடிந்தது. ஓபா அதே வேலமரத்தில் வேறொரு கிளையைக் காட்டினார். "குளிர் வருது. ஆளுக்கொரு புல்" என்றார். குரல் உடைந்திருந்தது, சட்டம் உடையவில்லை. மிஞ்சிய குருவிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

கூமி வெகுநேரம் அங்கேயே இருந்தாள். தனியாகக் கிடக்கும் குருவி அந்தக் குளிரில் ஒரு ராத்திரி தாங்காது. தவா வந்து, "வா" என்றான். அவளும் போனாள். ஒரு புல்லை எடுத்தாள். மெல்லியதா தடியா என்று இப்போது பார்க்கவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் சின்னவர்களே, பெரியவர்களே, கதை சொல்வது இதைத்தான்: கேடு என்று தெரிந்த காரியத்தில் ஊருக்குப் பயந்து நாமும் கை வைத்தால், அது விழும்போது நம் பங்கும் சேர்ந்துதான் விழும்.