வாசல் இல்லாத கொட்டகை

பெண்டாட்டியோடு இனி ஒரு நாள்கூட ஆகாது என்று வெள்ளியங்கிரிக்குப் பட்டுவிட்டது. நேரே மலையடிவாரம் போய்த் தன் குரு சாமியம்மாவின் காலில் விழுந்தார். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. அதனாலென்ன, அந்த அம்மா வாயைத் திறந்தால் ஊரே அடங்கும்.

“தாயே, எனக்குச் சந்நியாசம் குடுங்க. வீடு, காடு, மாடு, கன்னு எல்லாத்தையும் விட்டுட்டு உங்க பின்னாலயே வந்துடறேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையுந்தானுங்க.”

“பொழக்கடையில ஏதோ கட்டறீங்களாமே?”

வெள்ளியங்கிரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அதை ஏன் கேக்கறீங்க! விறகும் கலப்பையும் போட்டு வைக்க ஒரு கொட்டகைங்க. ஆளுக்கு ரெண்டு செவுருன்னு பிரிச்சுக்கிட்டோம். கிழக்குச் செவுரு அவளுது, அதுல வாசல் வைன்னேன். மாட்டேங்கறா. மேற்கால, என்ற செவுத்துல வைக்கோணுமாம். நூல் புடிச்ச மாதிரி எழுப்பியிருக்கறேன். அதுல நான் எதுக்குங்க ஓட்டை போடோணும்?”

“முடிச்சிட்டு ஆளனுப்புங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

முடித்தார்கள். எப்படி முடித்தார்கள் என்று கேளுங்கள்! ஒரு வார்த்தை பேச்சு இல்லை. ‘வாசலை அவ விடட்டும்’ என்று இவரும், ‘அவரு விடட்டும்’ என்று பெண்டாட்டி பாவாயியும் மண்ணை வைத்துக்கொண்டே போனதில் சுவர் தலைக்கு மேல் போய்விட்டது. கூரையும் வேய்ந்தாகிவிட்டது. வாசல் மட்டும் இல்லை. இப்படி ஒரு கொட்டகையை உலகத்தில் யாராவது கட்டுவார்களா?

சாமியம்மா சொன்னபடி வந்தார். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“நல்லா இருக்குது” என்றார். சிரிக்கக்கூட இல்லை.

பாவாயி சாப்பிடக் கூப்பிட்டாள். கண் சிவந்து கிடந்தது. வீம்புக்காரிதான். ஆனால் தாலி கட்டினவர் போகப்போகிறார் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

“கொட்டகைக்குள்ள இலை போடு பாவாயி. அங்கதான் சாப்பிடுவேன்” என்றார் சாமியம்மா. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெயில் சாய்ந்தது. சோறு ஆறியது. குருவைப் பட்டினி போட்ட பாவம் ஏழு ஜென்மத்துக்கும் போகுமா? வெள்ளியங்கிரி எழுந்தார். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிழக்குச் சுவரை இடிக்கப் போனார்.

சுவரில் பாவாயி கையால் வழித்த தடம் முழுக்க இருந்தது. ஒவ்வொரு விரலும் தெரிந்தது. இத்தனை நாளில் அவர் அதை ஏறிட்டும் பார்த்ததில்லை. ஓங்கிய கை இறங்கிவிட்டது. திரும்பிப் போய்த் தன் சுவரில் ஓங்கிக் குத்தினார்.

இடிக்க இடிக்க எங்கிருந்தோ பதிலுக்குச் சத்தம் கேட்டது. காலி அறை, எதிரொலிக்கிறது என்று நினைத்தார். மண் பொலபொலவென்று விழுந்தது. தூசு அடங்கியதும் தலையை உள்ளே நீட்டினார்.

உள்ளே இருட்டு. நேர் எதிரே, கிழக்குச் சுவரில் இன்னொரு ஓட்டை. அதன் வெளிச்சத்தில் தலையெல்லாம் மண்ணோடு, கையில் மண்வெட்டியோடு பாவாயி.

அம்மாடி! இத்தனை வருஷம் கூட இருந்தவளை வெள்ளியங்கிரி அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவர்போலத் தலையை நீட்டியபடி நின்றார். அவளும் கண் இமைக்கவில்லை.

“உன்ற செவுத்தையா இடிச்சே?” என்றார் மெதுவாக.

“நீங்களும் உங்க செவுத்தத்தானுங்களே.”

சாமியம்மா எழுந்து வந்தார். கிழக்கு வழியாகக் குனிந்து நுழைந்தார். பாவாயி இலை போட்டாள். ஆறிய சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மேற்கு வழியாக வெளியே வந்து, கை கழுவிவிட்டு, தனியாக நடையைக் கட்டினார்.

பாவாயிக்குப் பதறியது. புருஷனை நிஜமாகவே விட்டுவிட்டுப் போகிறாரா, இல்லை மறுபடி வந்து கூட்டிப்போவாரா என்று தெரிந்துகொள்ளப் பின்னாலேயே ஓடினாள்.

“தாயே, இவரைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களாமே?”

சாமியம்மா நின்றார். அவளுக்குப் பின்னால் கடப்பாரையோடு நின்ற வெள்ளியங்கிரியை ஏற இறங்கப் பார்த்தார்.

“தன் செவுத்துல ஒரு பிடி மண்ணு தர மாட்டேன்னு ஒருத்தர் என்கிட்ட வந்தார், பாவாயி. அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். வீட்டைச் சுத்திப் பார்த்துட்டேன். ஆளைக் காணோமே.”